அணா போய் நயா பைசா வந்த வருடத்தில் ஒரு நகைச்சுவைப் படம்

கேள்வி இதுதான்: 1957-ல் அணாக் கணக்கு மாறி நயா பைசா வந்த நாட்களில் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை மையமாக வைத்து நகைச்சுவைப் படம் எடுக்க வேண்டும். பணம் அதிகம் இல்லை. பழைய காலத்தைக் காட்டுவதில் என்னென்ன சிக்கல் வரும், எதற்கு முதலில் செலவு செய்வது?

கதையைக் கேட்டதுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. பழைய காலத்தில் நடக்கும் மூன்று படங்களில் உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் ஓடியாடியவன் என்ற முறையில், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எல்லாரும் செட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். பழைய பஸ் எங்கே கிடைக்கும், ஓட்டு வீடு எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். உங்கள் படத்தின் முதல் சிக்கல் அது இல்லை. இன்றைக்குத் தியேட்டரில் உட்காருகிறவருக்கு அணா என்றால் என்னவென்று தெரியாது. தெரியாத கணக்கில் ஒருவர் தடுமாறினால் யாருக்கும் சிரிப்பு வராது. சோகப் படத்தில் ஒரு விவரம் புரியாவிட்டாலும் நடிகரின் முகம் காட்சியைத் தாங்கிவிடும். நகைச்சுவையில் அந்த வசதி கிடையாது. விதி தெரிந்திருந்தால்தான் விதி மீறப்படும்போது சிரிப்பு வரும்.

அந்த விதி எவ்வளவு அழகாக வேடிக்கைக்குக் கைகொடுக்கிறது என்று பாருங்கள். ஒரு ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. அப்படியானால் ஓரணா என்பது ஆறே கால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அதனால் அரைப் பைசா வரை இருந்தால் தள்ளிவிடு, அதற்கு மேல் இருந்தால் முழுதாக எடுத்துக்கொள் என்று ஏற்பாடு. ஓரணா 6 பைசா, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. இதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பையனை அவன் ஆச்சி நாலணாவுக்குப் புளி வாங்கி வரச் சொல்லி, கையில் 25 நயா பைசா கொடுத்து அனுப்புகிறாள். பையன் மொத்தமாக வாங்காமல் ஓரணா ஓரணாவாக நாலு தடவை வாங்குகிறான். ஒவ்வொரு தடவையும் 6 பைசா. மொத்தம் 24. ஒரு பைசா அவன் டவுசர் பையில் தங்கிவிடுகிறது.

மூன்றாவது தடவை வரும்போது கடைக்காரருக்குப் பொறி தட்டுகிறது. "ஏலே, ஒங்க ஆச்சி மொத்தமா வாங்கச் சொல்லலையா?" என்கிறார். "ஞாபகம் இல்ல அண்ணாச்சி" என்கிறான் பையன். இப்போது அண்ணாச்சி அவனை மிட்டாய் பக்கம் இழுக்கிறார். மிட்டாய் ஒன்று காலணா. காலணா என்பது ஒன்றரைப் பைசாவுக்குச் சற்று மேல். அதனால் அது 2 பைசாவாகிவிடும். ஓரணாவுக்கு நாலு மிட்டாய் கேட்டால் 6 பைசா. ஒவ்வொன்றாக வாங்க வைத்தால் 8 பைசா. பையன் புளியில் அடித்ததை அண்ணாச்சி மிட்டாயில் திருப்பி வாங்கிவிடுவார், மேலே ஒரு பைசாவும் சேர்த்து. அரசாங்கம் கொடுத்த அட்டவணையிலேயே இவ்வளவும் இருக்கிறது. நீங்கள் கற்பனை செய்ய வேண்டியது அந்த இரண்டு முகங்களை மட்டும்தான்.

ஆனால் இதைப் பின்னணிக் குரலில் விளக்காதீர்கள். எழுத்தில் போட்டும் காட்டாதீர்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் கல்லாப்பெட்டியைத் திறந்து, ஒரு நாலணாக் காசைப் பலகையில் வைத்து, அதற்குப் பக்கத்தில் நாலு ஓரணாவை வரிசையாக அடுக்கிக் காட்டும் ஒரு சாதாரணக் காட்சி இருக்கட்டும். அதில் சிரிப்பே வேண்டாம். கடைக்காரர் தன் மகளுக்குக் காசு எண்ணக் கற்றுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். அப்புறம் 40 நிமிடம் கழித்துப் பையன் நாலாவது தடவையாகக் கடைக்கு ஓடும்போது, தியேட்டரே அவனுக்கு முன்னால் கணக்குப் போட்டுவிடும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும், இதில் நான் பிடிவாதக்காரன். உங்கள் கடைக்காரரை அசடாக எழுதிவிடாதீர்கள். அந்தத் தலைமுறை எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டுப் புத்தகம் படித்த தலைமுறை. கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களை வாயாலேயே பெருக்கி வகுத்தவர்கள். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ஓரணாவும் ரூபாயில் பதினாறில் ஒன்று. பாதி, பாதியில் பாதி என்று இறங்குகிற அந்தக் கணக்குக்கு அணா அச்சாகப் பொருந்தியது. பத்துப் பத்தாகப் போகும் புதுக் கணக்குத்தான் அவர்களுக்கு முரட்டுக் கணக்கு. ஊரிலேயே வேகமாகக் கணக்குப் போடும் மனிதர், ஒரு காலையில் கண் விழிக்கும்போது மூன்றாம் வகுப்புப் பையனிடம் தோற்கிறார். ஏப்ரல் முதல் தேதிக்கு முந்தைய நாள் வரை அவரை எல்லாரும் வியந்து பார்ப்பதை நீங்கள் காட்டியிருந்தால், அதற்குப் பிறகு அவர் விரல் விட்டு எண்ணும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பும் வரும், நெஞ்சிலும் தைக்கும். அந்தக் காலத்து மனிதர்கள் நம்மைவிடக் குறைந்தவர்கள் என்ற நினைப்போடு எடுத்தால் படம் பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

சிலர் 2006-ல் வந்த சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யை உதாரணம் காட்டி, "காலத்தை அப்படியே காட்ட வேண்டியதில்லையே" என்பார்கள். வடிவேலு இரட்டை வேடத்தில் நடித்த அந்தப் படம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடக்கிறது. அக்காமாலா, கப்சி என்று குளிர்பானம் விற்கிறார்கள். அது வேண்டுமென்றே செய்த காலப்பிழை, அதுவே நகைச்சுவை. பார்ப்பவருக்கும் தொடக்கத்திலேயே அந்த ஒப்பந்தம் புரிந்துவிடுகிறது. உங்கள் கதை அப்படிப்பட்டதல்ல. 1957-ஐ நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். உங்கள் வேடிக்கையே ஒரு நிஜமான அட்டவணையிலிருந்து பிறக்கிறது. எனவே உலகம் துல்லியமாக இருக்க வேண்டும், கோணல் மனிதர்களிடம் மட்டும் இருக்க வேண்டும். இந்த இரண்டு வழியில் ஒன்றை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் ஆர்ட் டைரக்டரும் உடை வடிவமைப்பாளரும் ஆளுக்கொரு படம் எடுப்பார்கள்.

சரி, துல்லியம் என்றால் எங்கே செலவு செய்வது? நான் பின்பற்றும் வழி எளிது. சிரிப்பு எந்தப் பொருளைத் தொடுகிறதோ அங்கே பணத்தைப் போடுங்கள். உங்கள் படத்தில் அது தெருவும் பஸ்ஸும் அல்ல. கடையின் பலகை, தராசு, கல்லாப்பெட்டி, காசு, விலைப்பலகை. இந்த ஆறடிக்கு மூன்றடி இடம் சரியாக இருந்தால் ஊர் பாதி மறைந்திருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நாணயங்களை அசலாகவே வாங்கிவிடுங்கள். பழைய நாணயம் விற்பவர்களிடம் கிடைக்கும். புதுசாக வந்தபோது நயா பைசா பளபளவென்று இருந்திருக்கும், அணாக் காசு தேய்ந்து கறுத்திருக்கும். இன்று இரண்டுமே தேய்ந்துதான் கிடைக்கும். எனவே நயா பைசாவை மெருகேற்றித்தான் பயன்படுத்த வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் புதியது எது, பழையது எது என்ற வித்தியாசமே திரையில் தெரியாது.

விலைப்பலகை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த ஒரு படத்தில், கதை நடப்பது 1960-களில். கடைப் பலகையைக் கணினியில் அச்செடுத்து, மேலே வண்ணம் பூசிப் பழசாக்கி மாட்டியிருந்தோம். வேடிக்கை பார்க்க வந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தக் காலத்துல 'லை'க்குத் தும்பிக்கை இருக்கும்ப்பா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் வடிவமே வேறு. உங்கள் பலகையில் என்ன எழுதப் போகிறீர்கள்? "விலை 2 அணா." விலையில் 'லை' இருக்கிறது, அணாவில் 'ணா' இருக்கிறது. இரண்டுமே மாறிய எழுத்துகள். அச்சு எந்திரத்தை நம்பாதீர்கள். வயதான போர்டு ஓவியர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கையால் எழுத வையுங்கள். எங்களுக்கு அன்று அரை நாள் போனது. அந்த வாத்தியாரே சாக்பீஸால் எழுதிக்காட்ட, அதைப் பார்த்து வரைந்து முடித்தோம்.

பொட்டலம் கட்டும் தாளும் அப்படித்தான். செய்தித்தாளில் கட்டுகிறீர்கள் என்றால், அதிலும் எழுத்து பழையதாக இருக்க வேண்டும், வண்ண விளம்பரம் கண்ணில் படக்கூடாது. பொட்டலம் கேமராவுக்கு நேராக நீளும் பொருள், யார் கண்ணிலும் படும். எடையில் கிலோ வரவே கூடாது. மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரிலிருந்துதான் படிப்படியாக வந்தன. உங்கள் கடையில் சேர், வீசை, பலம், படி, உழக்கு மட்டும்தான். இது உங்களுக்குப் பெரிய வரம். காசுக் கணக்கை எப்படியோ கற்று முடித்து அண்ணாச்சி மூச்சு விடும்போது, எடைக்கல்லையும் மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வருகிறது. இடைவேளையை அங்கே விடலாம்.

அடுத்தது பேச்சு. நகைச்சுவை நடிகரின் பலமே அந்த நேரத்தில் வாயில் வருவதைச் சேர்த்துச் சொல்வது. பழைய காலப் படத்தில் அதுதான் ஆபத்து. காட்சி அபாரமாக வந்திருக்கும், கடைசியில் "செம டென்ஷன்" என்று ஒரு வார்த்தை விழுந்திருக்கும். மொத்த டேக்கும் வீண். அதற்காக, "எழுதியதை மட்டும் பேசுங்கள்" என்று கட்டிப்போட்டால் அவருக்குக் கைகால் ஓடாது. எங்களுக்கு உதவியது ஒத்திகைதான். படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம், வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்காமல், அந்தக் காலச் சொற்களில் சும்மா பேச வைத்தோம். வியந்தால் என்ன சொல்வார்கள், எரிச்சல் வந்தால் எப்படித் திட்டுவார்கள், கடன் கேட்டால் எப்படித் தட்டிக்கழிப்பார்கள் என்று. பேஷ், சபாஷ், சிலாக்கியம், தரித்திரம், காப்பி கிளப், மோட்டார், லாந்தர். வார்த்தைகள் நாக்கில் ஊறிவிட்டால் அவர் சொந்தமாகச் சேர்ப்பதும் அந்தக் காலத்துக்குள்ளேயே நிற்கும்.

எங்கிருந்து எடுப்பது என்றால், முதலில் வயதானவர்களிடம் போய் உட்காருங்கள். திருநெல்வேலிப் பேச்சுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. அப்புறம் 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 'சபாபதி' படத்தைப் பாருங்கள். டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் பேசுவது காலத்தால் சற்று முந்தியது, ஆனால் நகைச்சுவைப் பேச்சு எந்த வேகத்தில் ஓடியது என்று தெரியும். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்கள், நோட்டீஸ்கள், விளம்பரங்கள் இருக்கின்றன. 1950-களின் ஆனந்த விகடனில் கோபுலு வரைந்த நகைச்சுவைப் படங்களை ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலே போதும். வேட்டியை எப்படி மடித்துக் கட்டினார்கள், துண்டை எங்கே போட்டார்கள், ஒரு மனிதர் கோபத்தில் எப்படி நின்றார் என்பதெல்லாம் அதில் கிடைக்கும்.

உடம்பு மொழியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. துணை நடிகர்கள் வருவார்கள். பக்கவாட்டில் மழித்து மேலே விட்ட முடி, வடிவமாகச் செதுக்கிய தாடி, பெண்களுக்குத் திருத்திய புருவம். வேட்டி கட்டிவிட்டாலும் இந்தக் காலம்தான் நிற்கும். ஒரு மாதம் முன்பே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, முடியில் கை வைக்காதீர்கள் என்று சொல்லி, அதற்காகத் தனியாகப் பணம் கொடுத்துவிடுவது நல்லது. கூட்டம் குறைந்தாலும் பரவாயில்லை, முகங்கள் சரியாக இருக்கட்டும்.

உடையில் நகைச்சுவைக்கே உரிய ஒரு செலவு இருக்கிறது. யாராவது விழுவார்கள், யார் மீதாவது தண்ணீர் கொட்டும், மாவு கொட்டும். இன்றைய கதையென்றால் கடையில் போய் அதே சட்டையில் ஆறு வாங்கிவிடலாம். பழைய கரை வைத்த கைத்தறி வேட்டி ஒரே சாயத்தில் ஆறு கிடைக்காது. எங்கள் நடிகர் ஒருவர் சேற்றில் வழுக்கி விழும் காட்சி. இரண்டு வேட்டிதான் வைத்திருந்தோம். முதல் டேக்கில் அவர் அற்புதமாக விழுந்தார், பின்னால் நின்றவர் முன்கூட்டியே சிரித்துவிட்டார். இரண்டாவதில் கால் வழுக்கவே இல்லை. துவைத்து, விசிறியில் காய வைத்து, மூன்றாவது டேக்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் அவருடைய உற்சாகம் போய்விட்டது. விழுவது எளிது, அதே மனநிலையில் மறுபடி விழுவது மிகவும் கஷ்டம். விழும் காட்சி எத்தனை என்று திரைக்கதையிலேயே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு செட் உடை நெசவாளரிடம் சொல்லி வாங்குங்கள். முடியாவிட்டால் விழும் காட்சியைக் குறையுங்கள்.

லொகேஷனுக்கு எல்லாரும் காரைக்குடி, கானாடுகாத்தான் என்றுதான் ஓடுவார்கள். அந்த வீடுகள் அழகுதான், ஆனால் உங்கள் அண்ணாச்சி அதில் குடியிருக்க மாட்டார். அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரத்தில் ஓட்டு வீட்டுத் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. தெரு முழுக்கத் தேவையில்லை, எதிரும் புதிருமாக நாலு வீடு போதும். நகைச்சுவைக்கு அகலமான ஃப்ரேம் வேண்டும், முழு உடம்பும் தெரிய வேண்டும், இரண்டு பேரும் ஒரே ஷாட்டில் இருக்க வேண்டும். அகலமாக வைத்தால் டிஷ் ஆன்டெனா, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம், சிமென்ட் சாலை எல்லாம் உள்ளே வந்துவிடும். குறுக்கினால் சிரிப்பு சாகும். கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு நடிகர்களை ஓட விடுவதுதான் எனக்குத் தெரிந்த தீர்வு. அசையாத ஷாட்டில் கம்பியையும் கம்பத்தையும் கணினியில் அழிப்பது சுலபம், செலவும் குறைவு. கேமராவும் கூடவே ஓடினால் ஒவ்வொரு நொடிக்கும் காசு. சாலைக்குச் செம்மண் கொட்டிப் பரப்பிவிடலாம், பஞ்சாயத்தில் முன்பே சொல்லி, முடிந்ததும் அள்ளிவிட வேண்டும்.

இரவுக் காட்சிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அரிக்கேன் விளக்கு வெளிச்சம் அழகாக இருக்கும், ஆனால் அரை இருட்டில் புருவம் ஏறுவது தெரியாது. திண்ணையும் முற்றமும் பகலில் நல்ல வெளிச்சம் தரும், அங்கேயே பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

அனுமதி விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டுவண்டி, நாய், கோழி எது கேமரா முன் நடித்தாலும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். அது இல்லாமல் தணிக்கையில் மாட்டிக்கொள்வீர்கள். சுருட்டு, பீடி வந்தால் திரையில் எச்சரிக்கை வாசகம் ஓடும், பார்ப்பவர் கண் அங்கே போய்விடும். சிரிப்பு வரும் ஷாட்டில் சுருட்டு வேண்டாம், வெற்றிலை போதும். குடிகாரர் வேடிக்கை வைத்திருந்தால் யோசியுங்கள். 1957-ல் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு அமலில் இருந்தது, தெருவில் தைரியமாகத் தள்ளாடிக்கொண்டு வர முடியாது. ஒளிந்து ஒளிந்து வர வேண்டும். எனக்கென்னவோ அது இன்னும் நல்ல காட்சியாகத் தோன்றுகிறது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் பொதுத்தேர்தல் முடிந்திருக்கிறது, சுவர்களில் பாதி அழிந்த தேர்தல் எழுத்து இருந்தால் பொருத்தமாக இருக்கும்.

ஒலியில் நான் ஒரு தவறைப் பார்த்திருக்கிறேன். ஊரில் பைக் சத்தம், மோட்டார் சத்தம் என்று சொல்லி எல்லாவற்றையும் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். நடிகர் மைக் முன்னால் உதட்டுக்குச் சரியாகப் பேசினார், ஆனால் களத்தில் "ஆங்?" என்று ஒரு நொடி தாமதித்துக் கேட்டதில் இருந்த சிரிப்பு காணாமல் போனது. கடைக் காட்சிகளையாவது நேரடி ஒலியில் பதிவு செய்யுங்கள். கடையின் உட்பகுதியைச் செட்டாகப் போட்டால் அது முடியும். தெருக் காட்சிகளை டப்பிங்குக்கு விடலாம்.

கால அட்டவணையில், சிரிப்பு அதிகம் தேவைப்படும் காட்சிகளைக் காலையில் வையுங்கள். ஒப்பனை, முடி, உடை எல்லாம் முடிந்து முதல் ஷாட் எடுக்கவே பழைய காலப் படத்தில் பத்து மணி ஆகிவிடும். மாலை ஐந்து மணிக்கு வெளிச்சத்தோடு போட்டி போட்டுக்கொண்டு யாரையும் சிரிக்க வைக்க முடியாது.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். செட் வேண்டாம், உடை வேண்டாம். ஒரு மேசை, ஒரு தராசு, கொஞ்சம் புளி, பழைய காசும் புதுக் காசும். இரண்டு நடிகர்களை வைத்து, முதலில் மகளுக்குக் காசு எண்ணக் கற்றுக்கொடுக்கும் காட்சியையும், பிறகு பையன் நாலு தடவை வரும் காட்சியையும் ஒரே மதியத்தில் செல்போனிலேயே எடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். படத்தைப் பார்க்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். பையன் மூன்றாவது தடவை கடைக்குத் திரும்பும்போது, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் சிரிக்கத் தொடங்கினால் ஆர்ட் டைரக்டருக்குப் போன் செய்யலாம்.